அண்ணல் அம்பேத்கரும் மகளிர் உரிமையும்

நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளைக் கடந்து வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், அண்ணல் அம்பேத்கரைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். அண்ணலைப் பற்றி நம் இளைஞர்கள் அறியாதது என்ன இருக்கிறது என்று முதலில் தயங்கினோம். ஊர்தோறும் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று மாலை அணிவிக்கிறோம். அரசியல் சட்டம் வரைந்த மேதை என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஆயினும், அவர் பெண்களுக்காகச் செய்தது என்ன என்று எம் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவியரை வினவியபோது ஒருவரும் எழுந்திலர். வினவிய எமக்கும் நாலைந்து வரிகளுக்கு மேல் தெரிந்திருக்கவில்லை என்பதை மறைப்பானேன்? அக்குறையைப் போக்கிக்கொள்ள நூல்களைப் புரட்டியதன் பயனே இக்கட்டுரை.

விடுதலை வீரர்களின் வரிசையில் அண்ணலைச் சேர்க்கத் தயங்குவோர் இன்றும் உளர். அவர் சிறை சென்றாரா என்று கேட்பர். வெள்ளையரிடமிருந்து நாடு பெறும் விடுதலை, வீட்டின் அடுப்படி வரையிலும் சேரியின் கடைசிக் குடிசை வரையிலும் வந்து சேருமா என்று கேட்டவர் அவர். அக்கேள்வியைக் கேட்டவரை விடுதலைத் தலைவர் என்று அழைக்காமல் வேறு எவ்வாறு அழைப்பது?

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவில் மாவ் எனும் படை முகாமில் பீமராவ் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். படைப்பள்ளியில் ஆசிரியப் பணியும் ஆற்றியவர். அன்னையார் பீமாபாய்க்கு இவர் பதினான்காவது மகவு. சிறு வயதிலேயே அன்னையை இழந்த பீமராவை வளர்த்து ஆளாக்கியவர் அத்தை மீராபாய். கூன் விழுந்த முதுகோடு அக்குடும்பம் முழுவதையும் அவ்வம்மையார் சுமந்தார்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை நம் இளைஞர்கள் நெஞ்சில் இருத்த வேண்டும். குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்த பின்னர், புத்தகம் வேண்டும் என்று மகன் கேட்கும் போதெல்லாம் ராம்ஜியின் கையில் பணம் இராது. மணமாகி அந்நகரிலேயே வாழ்ந்த மகளிடம் சென்று கடன் கேட்பார். அங்கே கிடைக்காவிடில் இன்னொரு மகளின் வீட்டிற்கு நடப்பார். அவரிடமும் பணமில்லையெனில் அவர் அணிந்திருந்த நகையை வாங்கி அடகு வைத்து, அப்பணத்தில் புத்தகம் வாங்கி வருவார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டுக் கொடுப்பார். உலகறிந்த நூலகங்களில் ஒன்றைப் பிற்காலத்தில் தம் இல்லத்தில் அமைத்தவரின் முதல் நூல்கள் தமக்கையரின் நகையை அடகு வைத்து வாங்கியவை. இவ்வரியை எழுதும்போது எம் மனம் சற்றே இடறியது. காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

1906இல் பைகுல்லா அங்காடியில், கடைகள் மூடிய பின்னர் இரவில், அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. மணமகனுக்கு வயது பதினைந்து. மணமகள் ரமாபாய்க்குப் பத்துக்கும் குறைவு. குழந்தை மணத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதியவர் தாமே குழந்தை மணம் செய்விக்கப்பட்டவர். கணவர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்ற ஆண்டுகளில் ரமாபாய் அம்மையார் வறுமையோடு போராடிக் குடும்பத்தைக் காத்தார். பெற்ற ஐந்து மக்களுள் நால்வரைக் குழந்தைப் பருவத்திலேயே மண்ணுக்குக் கொடுத்தார். எஞ்சியவர் யஷ்வந்த் ஒருவரே. 1935 மே 27 அன்று அம்மையார் மறைந்தார். தமது பாகிஸ்தான் பற்றிய நூலை அவருக்கே அண்ணல் காணிக்கையாக்கினார். ஒரு மாமனிதரின் கல்விக்கு அவர் வீட்டுப் பெண்கள் எவ்வளவு விலை கொடுத்தனர் என்பதை அவரே நன்கறிந்திருந்தார். அவர் பின்னாளில் மகளிர்க்காகச் செய்தவற்றை இக்கடனின் வெளிச்சத்தில் வைத்துப் படித்தால்தான் முழுமையாக விளங்கும் என்பது எம் கருத்து.

பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சென்ற சில வாரங்களிலேயே தாயகத்தில் உள்ள ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ஆண் பிள்ளைகளின் கல்வியோடு பெண் பிள்ளைகளின் கல்வியையும் சேர்த்து நடத்தினால் நம் முன்னேற்றம் பன்மடங்கு விரையும் என்ற கருத்தைத் தெரிவித்தார். அப்போது அவருக்கு வயது 22.

1916 மே மாதம் அப்பல்கலைக்கழகத்தில் சாதியின் தோற்றம் பற்றி அவர் ஓர் ஆய்வுரை படித்தார். கல்லூரி மாணவர்கள் இவ்வாய்வுரையை மொழிபெயர்ப்பிலேனும் தேடிப் படிக்க வேண்டும். அதன் சாரம் இது: சாதி என்பது அகமணத்தால் நிலைபெறுகிறது. சாதிக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமாயின், அச்சாதியில் ஆண்களின் தொகையும் பெண்களின் தொகையும் சமமாக இருந்தாக வேண்டும். கணவன் இறந்தால் மனைவி உபரி ஆகிறாள். அவள் தன் சாதியில் மறுமணம் புரிந்தால் அங்கே ஒரு கன்னிக்கு மணமகன் குறைகிறான். சாதிக்கு வெளியே மணம் புரிந்தாலோ வேலி உடைகிறது. ஆகவே அவளைக் கணவனின் சிதையிலேயே எரித்தனர். அல்லது உயிரோடு வைத்து வாழ்நாள் முழுவதும் கைம்பெண்ணாக்கினர். மனைவியை இழந்த ஆணும் அதே கணக்கின்படி உபரிதான். ஆனால் அவனை யாரும் எரிக்கவில்லை. அவனுக்கு மணப்பருவம் எய்தாத சிறுமியைக் கொண்டுவந்து கட்டி வைத்தனர். உடன்கட்டை, கைம்மைக் கொடுமை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் சாதி வேலியைக் காக்க நட்ட முட்கள் என்று 25 வயது இளைஞர் விளக்கிக் காட்டினார்.

அதாவது, சாதியைக் காப்பதற்கான காவல் பெண்ணின் உடல் மீதே வைக்கப்பட்டுள்ளது. நூறாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இக்கருத்து பழங்கதை என்று சேலம், நாமக்கல் வட்டாரத்தில் வாழும் நாம் சொல்லிவிட இயலாது. சாதி கடந்து பழகியதற்காக உயிரிழந்த இளைஞர்களின் செய்திகள் நம் ஊர்களிலிருந்தே வந்துள்ளன. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கப்பட்டபோது, முதல் தொட்டில் வைக்க வேண்டிய மாவட்டம் நம் சேலமாகத்தான் இருந்தது.

1927 மார்ச்சு 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்து நீரை அண்ணல் தம் மக்களோடு அள்ளிப் பருகிய வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். அவ்வாண்டு டிசம்பரில் அங்கு நடந்த இரண்டாம் மாநாட்டில், 25ஆம் நாள் இரவு மனுநூல் தீயிடப்பட்டது. சூத்திரர்க்கும் தீண்டத்தகாதோர்க்கும் இழிவு விதித்த அந்நூலே பெண்ணுக்கும் எவ்வயதிலும் தன்னுரிமை இல்லையென விதித்தது என்பதை இங்கு நினைவுகூர்க. தீர்மானத்தை முன்மொழிந்த சகஸ்ரபுத்தே பிறப்பால் பிராமணர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அம்மாநாட்டையொட்டி மகளிரை மட்டும் தனியே கூட்டி அண்ணல் பேசினார். முழங்கால் தெரியக் கட்டும் சேலைக்கட்டை விடுத்து மற்றப் பெண்களைப் போலக் கணுக்கால் வரை உடுத்துமாறும், கழுத்திலும் கையிலும் அடுக்கடுக்காய் அணியும் மலிவான உலோக அணிகளை நீக்குமாறும் வேண்டினார். செத்த விலங்கின் இறைச்சியை வீட்டுக்குள் விடலாகாது, குடித்துவிட்டு வரும் கணவனுக்கும் மகனுக்கும் சோறிடலாகாது, பெண் மக்களைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்றார். மறுநாள் பெண்கள் உடை உடுத்திய பாங்கே மாறியிருந்தது.

உடையிலும் நகையிலும் என்ன இருக்கிறது, பெண்ணின் உடை பற்றி ஆண் ஏன் பேச வேண்டும் என்று இன்றைய மாணவியர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். அக்காலத்தில் அவ்வுடை விருப்பத்தால் உடுத்தியதன்று. தொலைவிலிருந்தே இன்ன சாதியென்று அடையாளம் காட்டச் சுமத்தப்பட்டது. நம் தமிழகத்திலும், 1930 டிசம்பரில் இராமநாதபுரப் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்க்கு விதித்த தடைகளைப் பாருங்கள். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது, பெண்கள் மார்பை மறைத்து மேலாடை போடலாகாது என்பன அவற்றுள் அடங்கும். அந்நிலையில், விரும்பியவாறு உடுத்துவதே ஒரு போராட்டம். சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் பிறர் கால்களுக்கு வெள்ளிக் கொலுசு பொருத்தித் தரும் நம் பெண்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஆலைத் தொழிலாளப் பெண்களுக்கான மகப்பேற்று உதவி மசோதாவை அண்ணல் ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலனுக்காகவே; எனவே அரசும் அச்செலவில் பங்கேற்க வேண்டும், அவள் உழைப்பால் பயன்பெறும் முதலாளியும் ஏற்க வேண்டும் என வாதிட்டார். அடுத்த ஆண்டு அது சட்டமாயிற்று. இந்தியா முழுமைக்குமான மகப்பேற்று உதவிச் சட்டம் 1961இல்தான் வந்தது. பள்ளிப்பாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களிலும் நம் செங்கற் சூளைகளிலும் எத்தனை பெண்கள் இச்சட்டத்தின் பயனைக் கண்டுள்ளனர் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

வாக்குரிமைக்கு வருவோம். சொத்தும் வரியும் உள்ளோர்க்கே வாக்கு என்றிருந்த அந்நாளில், வயது வந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று சைமன் குழுவின் முன்னரும் இலண்டன் வட்டமேசை மாநாட்டிலும் அண்ணல் வலியுறுத்தினார். 1930இல் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில் நம் பகுதியைச் சேர்ந்த அம்மையார் ஒருவரும் வீற்றிருந்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தாரும் சென்னை மாகாண முதல்வராக இருந்தவருமான டாக்டர் ப. சுப்பராயனின் துணைவியார் ராதாபாய் சுப்பராயன் அவர். மங்களூரில் தீண்டப்படாத மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நிறுவி, அதற்காகத் தம் சுற்றத்தாரால் ஒதுக்கப்பட்ட குத்முல் ரங்காராவின் மகள். 1932இல் லோதியன் தலைமையில் அமைந்த வாக்குரிமைக் குழுவில் அண்ணலும் இவ்வம்மையாரும் உறுப்பினராக இருந்தனர். மகளிர்க்கும் ஒடுக்கப்பட்டோர்க்கும் வாக்கு எவ்வளவு என்ற வினா அக்குழுவின் முன் இருந்தது. கல்வி, சொத்து என்ற அளவுகோல்கள் அப்போது நீங்கவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 326ஆம் பிரிவுதான் குமாரமங்கலத்து ஜமீன் மாளிகை அம்மையாருக்கும் அவ்வூர்ச் சேரியின் கூலிப் பெண்ணுக்கும் ஒரே மதிப்புள்ள ஒரு வாக்கை அளித்தது.

1936இல் பம்பாயில் தேவதாசியர், முரளியர், ஜோகதிகள் முதலியோரைக் கூட்டி, அவ்வாழ்க்கையை விட்டு மானத்தோடு வாழ வாருங்கள் என அழைத்தார். அவ்வுரையில் கடுமை மிகுதி என்றே எமக்குப் படுகிறது. அப்பெண்கள் அந்நிலைக்குத் தாமாக வந்தவரல்லர். 1938இல் குடும்பக் கட்டுப்பாட்டை வலியுறுத்தும் தீர்மானம் அவர் கட்சியின் சார்பில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டுத் தோற்றது.

1942 சூலை 20 அன்று நாகபுரியில் ஒடுக்கப்பட்ட மகளிர் மாநாடு ஆயிரமாயிரம் பெண்கள் திரளக் கூடிற்று. சுலோசனாபாய் டோங்கரே தலைமை தாங்கினார். ஒரு சமுதாயத்தின் உயர்வை அதன் பெண்கள் அடைந்த உயர்வைக் கொண்டே தாம் அளப்பதாக அண்ணல் அங்கு எடுத்துரைத்தார். மணத்திற்கு அவசரப்படாதீர்கள், மணந்தபின் கணவனுக்கு அடிமையாகாமல் தோழியாக நில்லுங்கள் என்று அறிவுறுத்தினார். மணமுறிவு உரிமையும், பலதார மணத்திற்குத் தடையும் கோரித் தீர்மானங்கள் நிறைவேறின. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1944 செப்டம்பரில் அண்ணல் சென்னை வந்தபோது நடந்த தாழ்த்தப்பட்டோர் மகளிர் மாநாட்டிற்கு அன்னை மீனாம்பாள் சிவராஜ் தலைமையேற்றார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் நம் சேலத்தில் நீதிக்கட்சி மாநாடு கூடித் திராவிடர் கழகம் எனப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தது.

1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதியின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறையை அண்ணல் வகித்தார். சுரங்கப் பெண்களின் மகப்பேற்று உதவிச் சட்டம் அக்காலத்தில் திருத்தப்பட்டது. வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் வெட்டும் சேலத்து மக்களுக்குச் சுரங்கச் சட்டங்கள் அயலானவை அல்ல. ஆனால் ஒன்றையும் மறைக்கலாகாது. போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டால், பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் இறங்கக் கூடாதென்ற தடையை 1943இல் அரசு தளர்த்தியது. அம்முடிவை மன்றத்தில் காத்துப் பேச வேண்டிய பொறுப்பு அண்ணலுக்கே வந்தது. ஆணுக்குரிய கூலியே பெண்ணுக்கும் தரப்படும் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். 1946இல் தடை மீண்டும் வந்தது. தலைவர்களின் வாழ்வில் இத்தகைய நெருக்கடிகள் உண்டு. போற்றுவோர் இவற்றைத் தாண்டிச் செல்லலாகாது.

இனி, அவர் வாழ்வின் பெரும் போருக்கு வருகிறோம். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் சட்ட அமைச்சராக இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை அவர் கையில் எடுத்தார். அதற்கு முன்னர் இருந்த நிலை என்ன? கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன் பிறக்கும்போதே பங்காளியாவான், மகள் ஆகாள். கைம்பெண்ணுக்குக் கிடைத்த சொத்தும் ஆயுள் வரை அனுபவிக்க மட்டுமே. விற்கவோ தன் மகளுக்குக் கொடுக்கவோ உரிமையில்லை. ஆண் எத்தனை பெண்களையும் மணக்கலாம்; பெண் எத்தகைய கொடியவனையும் விட்டு விலக இயலாது. அண்ணலின் மசோதா மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு தந்தது. முன்னைய வரைவில் பாதிப் பங்கே இருந்தது. பெண் பெறும் சொத்து அவளுக்கே முழு உரிமையுடையது என்றது. ஒருதார மணம், மணமுறிவு உரிமை, சாதி மறுப்புத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு ஆகியன அதில் இடம்பெற்றன.

எதிர்ப்பு நாடெங்கும் மூண்டது. மன்றத்திற்கு வெளியே துறவியரும் மடத்தலைவர்களும் ஊர்வலம் வந்தனர். உள்ளே ஆளுங்கட்சியின் பெருந்தலைவர்களே தடுத்தனர். அரசியல் நிர்ணய சபைத் தலைவராக இருந்த இராசேந்திர பிரசாத்தும் இதனை விரும்பவில்லை. துர்காபாய், ரேணுகா ராய் முதலிய பெண் உறுப்பினர்கள் அண்ணலின் பக்கம் நின்றனர். எதிர்ப்பாளர் பலருக்குப் பெண்ணின் கற்பைப் பற்றிப் பேசுவதில் இருந்த ஆர்வம் பெண்ணின் பங்கைப் பற்றிப் பேசுவதில் இல்லை. மகளுக்கு நிலம் போனால் குடும்பம் சிதறும் என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான்காண்டுகள் இழுத்தடிக்கப்பட்டு, 1951 செப்டம்பரில் நான்கே நான்கு பிரிவுகள் நிறைவேறிய நிலையில் மசோதா கைவிடப்பட்டது. செப்டம்பர் 27 அன்று அண்ணல் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் தலையாய காரணங்களுள் ஒன்று இம்மசோதா. பெண்களின் சொத்துரிமைக்காக அமைச்சர் பதவியைத் துறந்த வேறோர் ஆண்மகனை நாம் அறியோம். அடுத்து வந்த பொதுத் தேர்தலில் பம்பாயில் அவர் தோற்றார்.

அவர் கொண்டுவந்தது பிறரால் நான்கு துண்டுகளாக்கப்பட்டு, 1955, 1956ஆம் ஆண்டுகளில் திருமணம், வாரிசுரிமை முதலிய நான்கு சட்டங்களாக நிறைவேறிற்று. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 சூனில் நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்தார். தந்தை தாமே ஈட்டிய சொத்தில், உயில் எழுதாமல் அவர் இறந்தால், மகளுக்கு மகனோடு சமபங்கு என்பது அன்று முதல் சட்டம். பூர்வீகச் சொத்தில் மட்டும் பழைய வேலி நின்றது. அதனைத் தமிழக அரசு, 1989 மார்ச்சு 25 அன்று மணமாகாதிருந்த மகளிர்க்கு நீக்கியது. நடுவண் அரசு 2005இல் எல்லா மகளிர்க்கும் நீக்கியது. சட்டத்திருத்தத்தின்போது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது.

சட்டம் இவ்வாறிருக்க, நம் வீடுகளில் நடப்பது என்ன? தந்தை மறைந்ததும் மணமான மகளை அழைத்து விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குகிறோம். சீர் செய்தாயிற்று, இனி என்ன பங்கு என்கிறோம். அன்று அம்மசோதாவை எதிர்த்தவர்கள் சொன்ன சொல்லும் இதுவே. அவர்களிடம் நிலம் இருந்தது. நம்மிடம் இருப்பதோ அரை ஏக்கரும் ஒரு வீட்டு மனையும்.

ஊருக்குச் சொல்வானேன்? எம் தந்தையார் கூலி வேலை செய்து வாங்கியது முக்கால் ஏக்கர் மேட்டாங்காடு. 1998இல் அவர் உயில் ஏதும் எழுதாமல் மறைந்தார். அன்னையார் முன்னரே போய்விட்டார். பிள்ளைகள் நாமும் எம் தமக்கையாரும் மட்டுமே. தமக்கையார் ஐந்தாம் வகுப்போடு நின்று, சேகோ ஆலையில் கிழங்குத் தோல் உரிக்கச் சென்றவர். நாம் பி.எட். பயிலச் சேர்ந்தபோது கட்டணம் போதவில்லை. மணமாகி இரு குழந்தைகளோடு இருந்த அவர், தம் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். தந்தையார் மறைந்த ஆண்டே அவரைச் சார்பதிவாளர் அலுவலகத்திற்கு வரவழைத்து விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கினோம். அவருக்குச் சீராகப் போனது ஒரு கட்டிலும் ஐந்து பாத்திரமும். கையொப்பமிட்ட அன்று ஒரு சேலை வாங்கிக் கொடுத்து, பேருந்தில் ஏற்றி அனுப்பினோம். அப்போது நாம் சமூக அறிவியல் ஆசிரியர். அவ்வாண்டும் ஏப்ரல் 14 அன்று அண்ணலின் படத்திற்கு மாலை அணிவித்துப் பேசியிருந்தோம்.

அண்ணலின் தமக்கையர் நகையைப் பற்றிப் படித்த இரவு, அப்பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். மறுவாரம் தமக்கையாரின் ஊருக்குச் சென்று, பாதி நிலத்தை எழுதித் தருவதாகச் சொன்னோம். அவர் முதலில் இசையவில்லை. அக்காளும் தம்பியும் வழக்காடிப் பிரித்துக்கொண்டதாக ஊர் பேசும் என்றார். இத்தனை ஆண்டுகள் கழித்து இது எதற்கு என்றும் கேட்டார். இரண்டு முறை மீண்டும் சென்று வந்தோம். மூன்று மாதங்களுக்கு முன் தான செட்டில்மென்ட் பத்திரம் பதிவாயிற்று. பதினோராம் வகுப்பில் பயிலும் பேத்தியை உடன் அழைத்து வந்திருந்தார். அலுவலகத்து வேப்பமரத்தடியில் அமர்ந்து, நிலத்தின் நான்கெல்லையையும் அச்சிறுமி உரக்கப் படித்தாள். தமக்கையார் கடைசியில் எழுதியிருந்த தம் பெயரை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.